அறுந்து கொடுக்கும் கயிறு

முரசுமோட்டை நெல் விளையும் ஊர். இரணைமடுக் குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து வயலை நனைக்க, அதனை நம்பி வாழும் உழவர் குடியிருக்கும் ஊர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த இவ்வூரில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வயல் தெரியும், பனை தெரியும், பரந்த வானம் தெரியும், கடல் மட்டும் தெரியாது. அங்ஙனமிருக்க, திமிங்கிலத்தையும் வலையையும் பற்றிப் பேசப் புகுந்த கட்டுரையை முரசுமோட்டையில் தொடங்குவானேன் என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே.

விடை அவ்வீதியின் இரு முனைகளிலும் இருக்கின்றது. கிழக்கே சென்றால் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஆகிய ஊர்களைக் கடந்து முல்லைத்தீவிலே வங்கக் கடலைக் காண்கிறோம். மேற்கே திரும்பிப் பரந்தன் வழியாகப் பூநகரிப் பக்கம் போனால் பாக்கு நீரிணையின் ஆழமற்ற கடலைக் காண்கிறோம். கீழைக் கடல் ஆழமானது. அங்கே திமிங்கிலம் உலவுகின்றது. மேலைக் கடல் ஆழம் குறைந்தது. அங்கே கடற்புல்லை மேயும் கடற்பசு வாழ்ந்து வருகின்றது. இவ்விரு கடல்களுக்கும் நடுவே நெல்லை விளைவித்து, அந்நெற்சோற்றுக்கு வேண்டிய கறியை இவ்விரு கடல்களிலிருந்தும் பெற்று உண்கின்றது நமது ஊர். ஆகவே, எத்தகைய வலையால் அம்மீன் பிடிக்கப்படுகின்றது, அவ்வலையிலே மீனன்றி வேறெவை மாள்கின்றன என்னும் கேள்விகள் கரையிலே வாழ்பவருக்கு மட்டும் உரியன ஆகா. உண்பவருக்கும் அவை உரியனவே.

விழுங்குவதும் விழுங்கப்படுவதும்

திமி என்றால் பெருமீன். அத்திமியையே விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்க வல்லது திமிங்கிலகிலம். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூறுவது பழைய புராண மரபு. கடலிலே அஞ்சுதற்குரியது யாதுமில்லாத உயிர் என்ற கருத்தே அப்பெயரில் அடங்கியிருக்கின்றது. இன்று அந்தப் பேருயிரைக் கொல்லுவது யாது? விரல் பருமனுள்ள ஒரு கயிறு.

இதனை விளங்கிக்கொள்வதற்கு ஓர் அடிப்படை உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும். திமிங்கிலம் மீனன்று. அது குட்டி ஈன்று பாலூட்டும் உயிர்; நுரையீரலால் சுவாசிப்பது; மூச்செடுக்க நீர்மட்டத்திற்கு வந்தே தீர வேண்டியது. ஓங்கிலும் கடற்பசுவும் இவ்வாறானவையே. மீன் வலையிற் பட்டால் நீரிலே கிடந்து துடிக்கும். ஓங்கிலோ கடற்பசுவோ வலையிற் பட்டு மேலே வர இயலாது போனால் சில நிமிடங்களில் மூச்சடைத்து இறக்கும். கடலிலே பிறந்த உயிர் கடலிலேயே மூழ்கிச் சாகின்ற கொடுமை இது.

பெருந் திமிங்கிலத்தின் கதை வேறு வகையானது. அதன் வலிமையே அதற்குப் பகையாகின்றது. வாயைத் திறந்தபடி இரையை அள்ளிச் செல்லும்போது நண்டுக் கூட்டையும் மிதவையையும் இணைக்கும் கயிறு வாயிற் சிக்குகின்றது. அல்லது துடுப்பிலோ வாலிலோ பற்றிக்கொள்கின்றது. அச்சமுற்ற விலங்கு புரளுகின்றது. புரளப் புரளக் கயிறு இறுகுகின்றது. ஓங்கிலைப் போல அங்கேயே மடியாமல், வலையையும் மிதவையையும் கூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அது போய்விடுகின்றது. பின்னர் கயிறு தோலை அறுத்து, தசையை அறுத்து, எலும்பைத் தொடுகின்றது. இரை தேட இயலாமல் உடல் மெலிகின்றது. மாதக்கணக்கில் நீளும் இம்மரணத்தைக் காண்பவர் எவருமில்லை. வலையை இட்ட தொழிலாளியும் தன் வலை காணாமற் போயிற்று என்று மட்டுமே அறிவான்.

உலகக் கடல்களில் ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட திமிங்கிலங்களும் ஓங்கில்களும் இவ்வாறு மீன்பிடிக் கருவிகளிற் சிக்கி மடிகின்றன என்பது ஆய்வாளர் மதிப்பீடு. இந்து சமுத்திரத்தில் சூரை மீனுக்காக விடப்படும் செவுள் வலைகளில் மட்டும் 1950 முதல் 2018 வரை சிக்கிய சிறு திமிங்கில இனங்களின் தொகை ஏறக்குறைய 41 இலட்சம் என்று 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. அவ்வலைகளை விடும் நாடுகளில் இலங்கையும் ஒன்று, இந்தியாவும் ஒன்று.

வலையைக் கிழித்த சுறா

நமது சங்கப் பாடல்களிலே நெய்தல் நிலத்தைப் படித்த மாணவர் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார். பரதவர் வலை வீசுகின்றனர். வலிய சுறா அவ்வலையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடுகின்றது. இக்காட்சி ஒரு பாட்டில் மட்டுமன்றிப் பல பாடல்களிலும் வருகின்றது. பட்டினப்பாலையிலோ பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுவதும், முழுமதி நாளிலே கடல் வேட்டைக்குச் செல்லாது ஓய்ந்திருப்பதும் கூறப்படுகின்றன. கடலிடம் எடுத்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு என்னும் உணர்வை அந்த ஓய்வு நாளிலே நாம் காண்கிறோம்.

வலை கிழிந்தது புலவரின் கற்பனை அன்று. அக்காலத்து வலை நாரினாலும் நூலினாலும் ஆனது. உப்பு நீரில் ஊறி, வெயிலிற் காய்ந்து, நாளடைவில் நைந்து போவது. பெருமீன் மோதினால் அறும். அறுவது தொழிலாளிக்கு நட்டம். ஆனால் மீனுக்கும் மனிதனுக்கும் இடையே அது ஒரு வகை நீதியாகவும் இருந்தது. தன்னால் இழுக்க முடியாததைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் அன்றைய வலைக்கு இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நைலோன் வந்தது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் இயந்திரப் படகோடு சேர்ந்து அது நமது கரைகளிலும் பரவிற்று. அது நாருக்கு இல்லாத வலிமை உடையது, எளிதில் மட்காதது, நீரிலே கண்ணுக்குப் புலப்படாதது. மீன் பெருகிற்று, வருமானமும் பெருகிற்று. அந்த நன்மையை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். வறுமையில் உழன்ற எத்தனையோ கரையோரக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்து முன்னேறியதற்கு அந்த வலையும் ஒரு காரணம். எனினும் பழைய வலைக்கும் புதிய வலைக்கும் இடையே ஒரு பெரு வேறுபாடு புகுந்துவிட்டது. பழைய வலை அறுந்து கொடுத்தது. புதிய வலை கொடுப்பதில்லை.

பழமையின் மீட்சி

இவ்விடத்திலே மேனாட்டு அறிவியல் கண்ட ஒரு முடிபு நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. வட அத்திலாந்திக்கில் வாழும் சரித் திமிங்கிலம் என்னும் இனத்தில் இன்று எஞ்சியிருப்பவை 400க்கும் குறைவு. அவற்றின் உடலிலுள்ள தழும்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை வாழ்நாளில் ஒரு முறையேனும் கயிற்றிற் சிக்கியவை என்று கண்டனர். மேலும், திமிங்கிலங்களின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட கயிறுகளின் வலிமையை அளந்து ஆராய்ந்த அறிஞர், 1,700 இறாத்தல் இழுவிசையில் அறுந்துவிடும் கயிற்றைப் பயன்படுத்தினால் உயிராபத்து விளைவிக்கும் சிக்கல்களில் நூற்றுக்கு 72 பங்கேனும் குறையக்கூடும் என 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பின்னர் அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கரையில் சிங்கி இறால் பிடிப்போர் இத்தகைய மெல்வலிமைக் கயிற்றையோ, கயிற்றின் இடையே எளிதில் அறும் இணைப்பையோ பயன்படுத்த வேண்டும் என விதி வந்தது.

சுறா கிழித்துச் சென்ற நார்வலையின் தத்துவம் அல்லவா இது? அறுந்து கொடுப்பதைக் குறை என்று நாம் எண்ணினோம். அதுவே ஒரு குணம் என்பதை ஆய்வுக்கூடம் அளவுகோலோடு எடுத்துக்காட்டியிருக்கின்றது.

வேறு வழிகளும் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் கயிறே இல்லாத கூடுகள் பயன்பாட்டிற்கு வந்துகொண்டிருக்கின்றன. கூடு கடலடியிலே கிடக்கும். படகிலிருந்து ஒலிச் சைகை அனுப்பினால் மட்டுமே மிதவை மேலே எழும். திமிங்கிலம் வரும் பருவத்தில் குறித்த பகுதிகளை மூடிவைப்பது மற்றொரு வழி. மேற்கு அவுஸ்திரேலியாவில் நீரிலே தளர்ந்து தொங்கும் கயிற்றின் நீளத்தையும் மிதவைகளின் எண்ணிக்கையையும் குறைத்த பின்னர் சிக்கும் திமிங்கிலங்கள் கணிசமாகக் குறைந்தன.

நமது சமுத்திரத்திற்கு ஏற்ற வழி இவற்றிலும் எளிமையானது. பாகிஸ்தான் நாட்டுச் சூரை வலைப் படகுகளில் வலையின் மேல்விளிம்பை நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் கீழே இறக்கி விட்டுப் பார்த்தனர். வலையிற் படும் ஓங்கில்கள் பெரிதும் குறைந்தன. சூரை மீன் வருமானத்திலோ குறிப்பிடத்தக்க வீழ்ச்சி இல்லை. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு 2019 ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்றில் இம்முறையை 2023க்குள் கைக்கொள்ளுமாறு உறுப்பு நாடுகளைப் பணித்தது. இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் நீண்ட பெருவலைகளைத் திறந்த கடலில் விடுவதை ஐக்கிய நாடுகள் சபை 1992 இறுதியோடு நிறுத்துமாறு அதற்கு முன்னரே கேட்டிருந்தது. தீர்மானங்கள் ஏட்டிலே இருக்கின்றன. அவற்றைத் துறைமுகத்திற்குக் கொண்டுவருவதுதான் எஞ்சியுள்ள பணி.

விடுவிக்கும் கை

சிக்கிய திமிங்கிலத்தை விடுவிக்கும் கலையொன்றும் வளர்ந்திருக்கின்றது. 1984 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரொவின்ஸ்ரவுண் கரையில் 'ஐபிஸ்' என்று பெயரிடப்பட்டிருந்த திமிங்கிலத்தை ஒரு சிறு குழுவினர் விடுவித்தனர். அவர்கள் கையாண்ட முறை பழைய திமிங்கில வேட்டைக்காரருடையது. வேட்டைக்காரர் ஈட்டிக் கயிற்றிலே பீப்பாய்களைக் கட்டி விலங்கைக் களைக்கச் செய்து கொன்றனர். இவர்களோ இழுபடும் கயிற்றிலே மிதவைகளைக் கட்டி விலங்கைத் தாமதிக்கச் செய்து, நீண்ட கம்பின் நுனியிலுள்ள வளைகத்தியால் கட்டை அறுத்தனர். கொலைத் தொழிலின் நுட்பம் காக்கும் தொழிலுக்கு உதவிற்று. இன்று சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழுவின் வழியாக முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இப்பயிற்சியைப் பெற்றுள்ளனர்.

ஆயினும் இது உயிரைப் பணயம் வைக்கும் பணி. 2017 யூலை மாதம் கனடாவில் ஜோ ஹவ்லெற் என்பவர் ஒரு சரித் திமிங்கிலத்தின் கட்டை அறுத்து விடுவித்த அடுத்த கணத்தில், அதன் அசைவினால் தாக்குண்டு இறந்தார். அவர் அறிஞரல்லர், சிங்கி இறால் பிடித்து வாழ்ந்த கடற்றொழிலாளி. வலையை இடுபவனே திமிங்கிலத்தின் பகைவன் என்று எண்ணும் நகரத்து மக்களுக்கு அவருடைய வாழ்வே மறுமொழி. விடுவிப்பது மருந்து மட்டுமே, வராமற் காப்பதே உண்மையான தீர்வு என்று அவ்வாணைக்குழுவின் வல்லுநரும் ஓயாது வற்புறுத்துகின்றனர்.

நமது இரு கடல்கள்

இனி நமது கரைக்குத் திரும்புவோம். 1979 ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாகச் சர்வதேச ஆணைக்குழுவினால் அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்து 1980களின் முற்பகுதியில் 'ரியூலிப்' என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர் திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களைக் கண்டு ஆராய்ந்தனர். துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழ்ந்து செல்வதால் உலகின் மிகப் பெரிய உயிர் கரைக்கு மிக அண்மையில் வருகின்றது. 1983 இல் மூண்ட போர் அந்த ஆய்வையும் நிறுத்திற்று. முல்லைத்தீவிலிருந்து தெற்கே திருகோணமலை வரை ஒரே கடல், ஒரே திமிங்கிலம்.

மேலைக் கடலிலே நிலைமை இதனினும் நெருக்கடியானது. கடற்பசு கடற்புல் வளரும் ஆழமற்ற இடங்களிலேயே வாழும். கடற்பசு ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். ஆதலால் சில விலங்குகள் வலையிலே மடிந்தாலும் இனமே தேய்ந்துவிடும். அதே ஆழமற்ற கடலிலேதான் நீலக்கால் நண்டு மிகுதியாகக் கிடைக்கின்றது. அந்நண்டைப் பிடிக்க அடிக்கடலில் நிறுத்தும் செவுள் வலைகளை விடுகின்றனர். இரண்டின் இடமும் ஒன்று. இதுவே இடரின் மூலம்.

அக்கடலை நம்பி வாழும் மக்கள் யார்? 1992 இல் இரணைதீவை விட்டுப் பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்குப் பின்னர் 2018 ஏப்ரலில் தாமாகவே படகேறித் தம் தீவுக்குத் திரும்பியவர்கள் அவர்களுள் உளர். 2009 வரை நீடித்த போரிலே படகையும் வலையையும் வீட்டையும் இழந்து, கடன்பட்டு மீண்டும் வலை வாங்கியவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இரு மாவட்டங்களிலும் எண்ணற்றோர். அவ்வாறு வாங்கிய வலையை இரவிலே இந்திய இழுவைப் படகு கிழித்துச் செல்கின்றது. அடிமட்ட இழுவைமடியை இலங்கை 2017 ஆம் ஆண்டில் சட்டத்தினால் தடைசெய்த பின்னரும் அத்துயரம் ஓயவில்லை. கிழிந்த வலையின் துண்டு எங்கே போகின்றது? கடலிலேயே கிடக்கின்றது. மட்காத நைலோன் ஆகையால், உடையவன் இல்லாத அவ்வலை மீனையும் ஆமையையும் ஓங்கிலையும் ஆண்டுக்கணக்கிற் பிடித்துக்கொண்டேயிருக்கின்றது. தொழிலாளிக்கு நேர்ந்த நட்டமும் கடலுயிருக்கு நேர்ந்த நட்டமும் ஒரே வலையின் இரு முனைகள்.

இத்தகைய ஒருவனிடம் சென்று, 'கடற்பசு பட்டால் வலையை அறுத்து விட்டுவிடு' என்று சொல்வது எளிது. வலையின் விலையை யார் கொடுப்பார் என்று அவன் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? சட்டம் கடற்பசுவைக் காக்கின்றது. ஆயின் சட்டத்துக்கு அஞ்சும் தொழிலாளி நடந்ததை வெளியிற் சொல்ல மாட்டான். அச்சம் மௌனத்தை வளர்க்கும். மௌனம் இருக்குமிடத்தில் கணக்கு இராது. கணக்கில்லாத இடத்தில் காப்பும் இராது.

வலையின் விலை

இவ்வினாவுக்கு விடை கண்ட ஊர்களும் உள. இந்தியாவின் குசராத்துக் கரையிலே திமிங்கிலச் சுறா என்னும் பெருமீனை எண்ணெய்க்காகக் கொன்று வந்தனர். 2001 இல் சட்டம் அதனைத் தடுத்தது. சட்டம் மட்டும் போதவில்லை. 2004 இல் தொடங்கிய இயக்கத்தில், இராமகதை கூறும் மொராரி பாபு அம்மீனைப் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டுப் பேசினார். அச்சொல் மக்கள் நெஞ்சிலே தைத்தது. அதனோடு, வலையை அறுத்து மீனை விடுவித்தவனுக்கு வலையின் இழப்பீட்டை அரசு வழங்கிற்று. முதலில் 25,000 ரூபா வரை அளிக்கப்பட்டது. அதன் பின் நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்களைத் தொழிலாளரே அறுத்து விட்டனர். நெஞ்சைத் தொடும் சொல்லும், கைக்கு வரும் பணமும் ஆகிய இரண்டும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2022 செப்டெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளுக்கு அப்பால் பாக்கு நீரிணையில் 448 சதுரக் கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. வலையிற் பட்ட கடற்பசுவை உயிரோடு விடுவித்த மீனவருக்கு அங்கே பரிசும் வழங்கப்பட்டிருக்கின்றது. அதே நீரிணையின் இக்கரையிலும் அதே விலங்குதான் மேய்கின்றது. கடற்பசு எல்லைக்கோட்டை அறியாது.

வெளிநாட்டுச் சந்தையும் நம்மை நெருக்குகின்றது. கடற்பாலூட்டிகளைக் காக்கும் தனது 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தன் நாட்டுக்கு மீன் அனுப்பும் நாடுகளும் தன்னோடு ஒத்த காப்பு முறைகளைக் கைக்கொள்ள வேண்டும் என ஐக்கிய அமெரிக்கா 2016 இல் விதித்தது. அதற்கு அளித்த தவணை பலமுறை நீட்டப்பட்டு, 2025 இறுதியோடு முடியுமாறு வரையறுக்கப்பட்டது. நமது நண்டு அந்நாட்டுச் சந்தைக்குச் செல்லும் பண்டம். ஆகவே, கடற்பசு எத்தனை வலையிற் பட்டது என்னும் கணக்கு நம்மிடம் இல்லாமையின் விலையை இறுதியிலே செலுத்தப்போகின்றவன் இரணைதீவுத் தொழிலாளி. இரக்கத்தின் பெயரால் செய்யாததைச் சந்தையின் பெயராலாவது செய்யவேண்டிய காலம் வந்துவிட்டது.

வலை விடுபவனிடம் உள்ள அறிவு ஆய்வாளரிடம் இல்லை. எந்த மாதத்தில், எந்த நீரோட்டத்தில், எவ்விடத்தில் எவ்வுயிர் வரும் என்பதை அவன் தந்தையிடம் கற்றிருக்கின்றான். கூட்டுறவுச் சங்கங்கள் தண்டனைக்கு அஞ்சாமல் அவன் அதனைச் சொல்வதற்கு இடம் செய்ய வேண்டும். வலையை அறுத்தவனுக்கு வலையின் விலை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். பழுதான வலையைக் கரையிலே கையேற்க ஓரிடம் வேண்டும். இவை மூன்றும் பெருஞ்செலவு கோருவன அல்ல.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெய்தற் பாடலை வகுப்பிலே கற்பிக்கும்போது, வலையைக் கிழித்த சுறாவோடு பாடத்தை முடித்துவிட வேண்டாம். அன்று கிழிந்த வலை இன்று ஏன் கிழிவதில்லை என்று மாணவரைக் கேளுங்கள். வயலூர்ப் பிள்ளைக்கு அதற்கு விடை காண்பது அரிதன்று. வெள்ளம் பெருகும்போது வான் பாய இடம் விடாத குளத்தின் அணை உடையும் என்பதை இரணைமடுவின் கீழ் வாழும் குழந்தை அறியும். தேக்கும் வலிமையோடு திறந்து கொடுக்கும் வாயிலும் உடையதே நல்ல குளம். அணையைக் கட்டிய முன்னோர் அதற்கு வான் வைத்தனர். நைலோன் வலையை நெய்த நாம் அதற்கு வைக்க மறந்த வானை, இனியேனும் வைப்போமாக.